போக்கர் பகுதியில் சிப்ஸ் கணக்கையும் சேர்த்து வெளியிடுங்கள்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் மூளை விளையாட்டுகளுக்கென ஒதுக்கப்படும் பக்கத்தில், போக்கர் போட்டிகளைப் பற்றி அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வலுவான சீட்டு கைக்கு வந்துவிட்டால், உறுமீனுக்குக் காத்திருக்கும் கொக்கைப் போல ஆட்டக்காரர் அசையாமல் இருக்க வேண்டும், எதிராளி தானாக முன்வந்து சிப்ஸை, அதாவது பந்தயமாக வைக்கும் வில்லைகளை, கொட்டும்வரை தன் பலத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. இந்த அறிவுரை ஒரு நிலையில் சரியானது. வேறொரு நிலையில் பெரும் நஷ்டத்தைத் தருவது. எந்த நிலை என்பதைத் தீர்மானிப்பது, ஆடுகிற இருவரின் முன்னாலும் எவ்வளவு சிப்ஸ் இருக்கிறது என்ற கணக்குதான். கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொடுக்கப்பட்ட ஆட்டங்கள் ஒன்றில்கூட அந்தக் கணக்கு இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். இங்கே விசைப்படகுகள் கடலுக்குப் போகாத நாள்களில், குறிப்பாக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், வலைக் கொட்டகை ஒன்றில் மாலை நேரங்களில் போக்கர் ஆடும் ஒரு குழு இருக்கிறது. சரக்குக் கப்பலில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர், கப்பலில் கற்றுக்கொண்ட ஆட்டத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். மீன் பெட்டிகளைக் கவிழ்த்து, அவற்றின் மேல் பலகை போட்டு, அதையே மேசையாக வைத்து ஆடுகிறார்கள். காசு வைப்பதில்லை; நுழைவுக் கட்டணமும் இல்லை, பரிசும் இல்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். கடன் வாங்கி ஆடிக் குடும்பத்தைத் தொலைத்தவர்களைப் பற்றி இந்தக் கரையிலும் கேள்விப்படாதவர் இல்லை. ஆனால் காசை எடுத்துவிட்டால் போக்கரில் எதுவுமே மிஞ்சாது என்று சிலர் நினைப்பது சரியல்ல. போட்டி முறையில் ஆடும்போது எல்லோருக்கும் சம அளவு சிப்ஸ் கொடுக்கப்படுகிறது, தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும், மேலும் வாங்க வழியில்லை. அந்த ஒரு விதியே ஒவ்வொரு சிப்புக்கும் மதிப்பைக் கொடுத்துவிடுகிறது. மிஞ்சுவது நிகழ்தகவும் பெருக்கலும் மனிதர்களை அளந்து பார்ப்பதும்தான்.

ஆட்டம் தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாக: ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாகத் தரப்படும், மேசையில் பொதுவாக முதலில் மூன்று சீட்டும், பிறகு ஒன்றும், கடைசியில் இன்னொன்றும் திறக்கப்படும். இவற்றை ஃப்ளாப், டர்ன், ரிவர் என்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சிப்ஸ் வைக்கலாம், வைக்காமல் செக் என்று விடலாம். ஒருவர் வைத்ததற்குச் சமமாகத் தானும் வைப்பது கால், அதைவிடக் கூட்டி வைப்பது ஏற்றுவது, வைக்காமல் கையை விட்டுவிடுவது விலகுவது. நடுவில் சேரும் மொத்தம் பாட். இருவர் கட்டாயமாக முன்கூட்டியே வைக்க வேண்டிய சிறிய தொகைகள் பிளைண்ட்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பிளைண்ட் 100-200 என்றும், ஒவ்வொருவரிடமும் 40,000 சிப்ஸ் இருப்பதாகவும் கொள்வோம். அதாவது பெரிய பிளைண்டைப் போல 200 மடங்கு. ஒருவர் 600 வைக்கிறார், பெரிய பிளைண்டில் இருப்பவர் கால் செய்கிறார், மற்றவர்கள் விலகிவிடுகிறார்கள். பாட்டில் 1,300 இருக்கிறது. இருவரிடமும் தலா 39,400 மீதி இருக்கிறது. இனி மூன்று கட்டங்கள்தான் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் பாட்டில் இருப்பதில் பாதியை வைத்து எதிராளியும் கால் செய்தால் பாட் இரட்டிப்பாகிறது. முழுதும் வைத்தால் மும்மடங்காகிறது. பாதி பாதியாக வைத்தால் 650, 1,300, 2,600 என்று மொத்தம் 4,550 மட்டுமே எதிராளியிடமிருந்து வரும். முழுப் பாட் அளவுக்கு வைத்தால் 1,300, 3,900, 11,700 என்று 16,900 வரும். எதிராளியின் 39,400 முழுவதும் உள்ளே வர வேண்டுமானால், மூன்று கட்டங்களிலும் பாட்டைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வைத்தாக வேண்டும்.

ஃப்ளாப்பில் ஒருமுறை செக் செய்து பதுங்கினால் போவது அந்த ஒரு 650 மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பாதி பாதியாக வைக்கிறவர் ஃப்ளாப்பில் விட்டுவிட்டால், டர்னில் 650-உம் ரிவரில் 1,300-உம் வைத்து 1,950-தான் பெறுவார். அவர் இழந்தது 2,600. அதாவது மூன்றிலும் பெரிய தொகை. முதல் படியில் நிற்காமல் போனவருக்குக் கடைசிப் படி இல்லாமல் போகிறது. பெருக்கத்தின் இயல்பு இது. கூட்டல் புத்தியோடு பெருக்கல் ஆட்டத்தை ஆடுவதுதான் பதுங்குகிறவர்களின் பொதுவான குறை என்பது என் கருத்து.

அதே 40,000 சிப்ஸ், ஆனால் போட்டி வெகுநேரம் நடந்து பிளைண்ட் 1,000-2,000 ஆகிவிட்டது என்று கொள்ளுங்கள். இப்போது அது 20 மடங்குதான். 4,400 வைத்து, பெரிய பிளைண்ட் கால் செய்தால் பாட் 9,800, மீதி 35,600. பாதி பாதியாக வைத்தாலே 4,900, 9,800, 19,600 என்று 34,300 உள்ளே போய்விடுகிறது. ஃப்ளாப்பில் செக் செய்துவிட்டாலும், டர்னில் 9,800 வைத்துக் கால் ஆனால் ரிவரில் மீதமிருக்கும் 25,800 பாட்டைவிடச் சிறிய தொகைதான். அங்கே பதுங்குவதால் பெரிய இழப்பு எதுவுமில்லை. எதிராளி பொறுமையிழந்து தானே முன்வரவும் கூடும். தங்கள் கட்டுரையாளர் சொன்னது இந்த நிலைக்கு முழுக்கவும் பொருந்தும். 200 மடங்கு சிப்ஸ் இருக்கும் தொடக்க நேரத்துக்கு அதை எடுத்துச் செல்வதுதான் பிழை. லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் ஒவ்வொருவருக்கும் 60,000 சிப்ஸ் கொடுத்து, 100-200 பிளைண்டில் தொடங்கி, ஒவ்வொரு பிளைண்ட் நிலையையும் 2 மணி நேரம் நடத்துகிறார்கள். 2024-இல் 10,112 பேர் பங்கேற்ற அந்தப் போட்டியின் முதல் நாளில் சிப்ஸ் சேர்க்க நினைப்பவர் 20 மடங்குக்கு உரிய பழக்கத்தோடு உட்கார்ந்தால் கிடைத்த நல்ல கையெல்லாம் வீணாகும்.

எங்கள் கொட்டகையில் நான் அருகிலிருந்து பார்த்த ஒரு கையைச் சொல்கிறேன். ஐஸ் பிளாண்டில் வேலை செய்யும் இளைஞர் ஒருவருக்கு இரண்டு ஏழு வந்தது. மேலே சொன்ன அதே 100-200 பிளைண்ட், இருவரிடமும் 40,000-க்குச் சற்றுக் குறைவு. அவர் 600 வைத்தார். பெரிய பிளைண்டில் இருந்த படகு உரிமையாளர் கால் செய்தார். ஃப்ளாப்பில் டைமன் ஏஸ், இஸ்பேட் ஏழு, கிளாவர் இரண்டு. இளைஞருக்கு மூன்று ஏழு சேர்ந்து செட் ஆகிவிட்டது. படகு உரிமையாளர் செக் சொன்னார்; இளைஞரும் சிரித்தபடி செக் சொன்னார். டர்னில் ஹார்ட்டின் ஒன்பது விழுந்தது. உரிமையாளர் 600 வைத்தார். இளைஞர் கால் மட்டும் செய்தார். ரிவரில் கிளாவர் நான்கு. உரிமையாளர் 1,000 வைக்க, இளைஞர் அப்போதுதான் 3,000 என்று ஏற்றினார். உரிமையாளர் யோசிக்காமல் கால் செய்து, ஏஸும் ஜாக்கியும் காட்டினார். பாட் இளைஞருக்கு; கொட்டகையில் பாராட்டு.

ஃப்ளாப்புக்குப் பிறகு அவர் எதிராளியிடமிருந்து பெற்றது 3,600. இதைத்தான் கவனிக்க வேண்டும். ஃப்ளாப்பில் 1,000 வைத்திருந்தால், ஏஸ் ஜோடி வைத்திருப்பவர் அதை விடுவாரா? விடமாட்டார். பாட் 3,300 ஆகியிருக்கும். டர்னில் 2,500 வைத்தால் பாட் 8,300. ரிவரில் 6,200. மூன்றையும் கூட்டினால் 9,700. பாட்டில் முக்கால் பங்கு என்ற சாதாரண அளவுதான் இது. மிகையான தொகை எதுவும் இல்லை. ஆட்டம் முடிந்தபின் படகு உரிமையாளரிடம் கேட்டபோது, "ஏஸ வச்சிக்கிட்டு எதுக்கு விடப் போறேன் சார், கடைசிவரைக்கும் பாத்திருப்பேன்" என்றார். 6,100 சிப்ஸ், அதாவது 30 பெரிய பிளைண்டுக்கு மேல், எவரும் கேட்காததால் அவரிடமே தங்கிவிட்டது. அந்தச் சிப்ஸை வைத்துக்கொண்டு அவர் அன்றைய போட்டியில் இறுதிவரை வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தக் கையில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. இளைஞரிடம் இரண்டு ஏழு இருந்ததால், மேசையில் கிடந்த ஒன்று போக மூன்று ஏஸ்கள் மற்றவர்களிடமோ சீட்டுக் கட்டிலோ இருக்க வேண்டும். எதிராளியிடம் ஏஸும் ராஜாவும் இருக்கக்கூடிய வழிகள் மட்டுமே மூன்று பெருக்கல் நான்கு, பன்னிரண்டு. இளைஞரிடம் இரண்டு ஏஸ் இருந்து அதே ஃப்ளாப் விழுந்திருந்தால், மீதம் ஒரே ஒரு ஏஸ்; வழிகள் நான்காகச் சுருங்கிவிடும். அப்போது எதிராளியிடம் கால் செய்யத் தகுந்த சீட்டு இருப்பதே அரிது. அந்த இடத்தில் ஒருமுறை செக் செய்து, அவருக்கு ஏதாவது சேரட்டும் என்று விடுவதில் நியாயம் உண்டு. ஆகவே கை எவ்வளவு வலுவானது என்ற கேள்வியோடு, எதிராளியிடம் நமக்குப் பணிந்து கொடுக்கக்கூடிய சீட்டு இருக்க நம் கையே இடம் விட்டிருக்கிறதா என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மூன்று ஏழு, மூன்று ஏஸைவிடக் குறைந்த கைதான். சிப்ஸ் சேர்ப்பதில் பல நேரம் அதுவே மேல்.

மேலும், ஒரே இனத்தில் இரண்டு சீட்டு ஃப்ளாப்பில் விழுந்திருக்கும்போது பதுங்குவது வேறொரு வகையிலும் கெடுதல். அந்த இனத்தில் இரண்டு வைத்திருக்கும் எதிராளிக்கு, பார்க்காத 47 சீட்டில் 9 சீட்டு ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, தரும். ஒரு சீட்டை இலவசமாகக் காட்டுவது ஏறக்குறைய 19 சதவீத வாய்ப்பை இனாமாகக் கொடுப்பதாகும். அவரிடம் அது இல்லாமல் ஏஸ் ஜோடி மட்டும் இருந்தாலும், அந்த இனத்தின் மூன்றாவது சீட்டு விழுந்தவுடன் பயந்து கையைச் சுருக்கிக்கொள்வார். கால் செய்ய மனம் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

இனி, இரண்டு ஏஸைப் பற்றி. 221 கைக்கு ஒருமுறை வரும் சீட்டு அது. கையால் சீட்டுப் போட்டு ஆடும் மேசையில் மணிக்கு 25 கை நடந்தால், ஏறக்குறைய 9 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் ஒருவர் அதைப் பார்ப்பார். அப்படிக் கிடைத்ததை, யாரும் ஓடிவிடக் கூடாதே என்று வெறுமனே கால் செய்து நாலைந்து பேரை உள்ளே விடுகிறவர்களைப் பார்க்கையில் எனக்கு வருத்தமாக இருக்கும். ஓர் எதிராளியோடு மோதினால் இரண்டு ஏஸ் 100-க்கு 85 முறை வெல்லும். குத்துமதிப்பான சீட்டு வைத்த மூன்று பேரோடு மோதினால் 64 முறைதான். சிப்ஸ் நிறைய இருக்கும்போது இந்தக் கைக்குரிய வேலை ஃப்ளாப்புக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். ஒருவர் 600 வைத்தபின் நாம் 2,400 என்று ஏற்றி, அவர் மட்டும் கால் செய்து, பிளைண்டுகள் விலகினால் பாட் 5,100, மீதி 37,600. இப்போது பாட்டில் முக்கால் பங்கு வீதம் மூன்று முறை வைத்தால் ஏறக்குறைய முழுதும் உள்ளே போய்விடுகிறது. வெறும் கால் செய்திருந்தால் முழுப் பாட் அளவுக்கு வைத்தாலும் எட்டாத தொகை, ஃப்ளாப்புக்கு முன் கூடுதலாக 1,800 வைத்ததால் சாதாரண அளவுகளில் எட்டிவிடுகிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கையை இங்கே சேர்க்காவிட்டால் என் கடிதம் வாசகரைத் தவறான வழியில் விட்டுவிடும். ஃப்ளாப்புக்கு முன் ஒரே ஒருமுறை ஏற்றப்பட்ட சிறிய பாட்டில், ஒற்றை ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டு 200 பெரிய பிளைண்டையும் உள்ளே தள்ளுவது தோற்கும் கையிடமிருந்து சிப்ஸ் பெறும் வழியல்ல. 1,300 பாட்டில் தொடங்கி 39,400-ஐயும் கால் செய்ய ஒருவர் முன்வருகிறார் என்றால், அவரிடம் இருப்பது பெரும்பாலும் இரண்டு ஜோடியோ செட்டோதான். ஜோடிக்கு இரண்டு கட்டம் வைப்பதே போதுமானது. மூன்றாவதில் எதிராளி பெரிதாக ஏற்றினால் விலகும் துணிவும் வேண்டும். செட், உயர்ந்த ஃப்ளஷ், உயர்ந்த ஸ்ட்ரெய்ட் (வரிசையாக அமையும் ஐந்து சீட்டு) ஆகியவைதாம் மொத்தச் சிப்ஸுக்கும் உரிய கைகள். ராணி தலையாக உள்ள ஃப்ளஷை வைத்துக்கொண்டு, ஏஸ் தலையாக உள்ள ஃப்ளஷுக்குத் தன் மொத்தத்தையும் கொடுத்தவர்கள் எங்கள் கொட்டகையிலும் உண்டு. வலுவான கை என்பதன் எல்லையே சிப்ஸின் அளவைப் பொறுத்து நகர்கிறது.

பெரிய தொகை வைத்தால் எதிராளி ஓடிவிடுவார் என்பதே பதுங்குகிறவர்கள் எப்போதும் சொல்லும் காரணம். ஓடுவார்தான், சில நேரம். ஆனால் எத்தனை முறை ஓடுகிறார் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. ரிவரில் பாட் 10,000 இருப்பதாகவும், 3,000 வைத்தால் பத்தில் ஏழு முறையும், 10,000 வைத்தால் பத்தில் மூன்று முறையும் தோற்கும் சீட்டோடு எதிராளி கால் செய்வதாகவும் வைத்துக்கொள்வோம். முதலாவதில் சராசரி வரவு 2,100, இரண்டாவதில் 3,000. அடிக்கடி ஓடினாலும் பெரிய தொகையே மேல். இந்த விகிதங்கள் ஆளுக்கு ஆள் மாறும். மூணு சீட்டு ஆடிப் பழகி வந்தவர்களில் பலர், பார்க்காமல் விட்டால் மனம் ஆறாது என்ற பழக்கத்தில் எந்தத் தொகைக்கும் கால் செய்வார்கள். அவர்களிடம் சிறிதாக வைப்பது தர்மம் செய்வதற்குச் சமம். கணக்குப் பார்த்து ஆடுகிறவரிடம் அளவைக் குறைக்கத்தான் வேண்டும். ரிவரில் அவர் கால் செய்தால் பாதிக்கு மேற்பட்ட தடவை நம் கை முந்தியிருக்கும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அங்கே செக் செய்வதே சரி.

ஒவ்வொரு வாரமும் அதே முகங்களோடு ஆடும் எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு தேவையும் உண்டு. வலுவான சீட்டுக்கு மட்டுமே பெரிதாக வைக்கிறார் என்று தெரிந்துவிட்டால், மூன்றாவது வாரத்தில் ஒருவரும் கால் செய்யமாட்டார். ஃப்ளஷுக்கோ ஸ்ட்ரெய்ட்டுக்கோ காத்திருக்கும் அரைகுறைக் கைகளிலும் அதே அளவு வைத்துப் பழக வேண்டும். பாட் அளவுக்கு வைக்கும்போது கால் செய்கிறவர் மூன்றில் ஒருமுறை வென்றாலே அவருக்கு நஷ்டமில்லை. ஆகையால் அந்த அளவில் மூன்றில் ஒரு பங்குவரை வெறுங்கையாக இருப்பது தாங்கும்.

பரிசுத் தொகை பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும் பெரிய போட்டிகளில், பரிசு வரிசையை நெருங்கும்போது இழக்கும் சிப்ஸின் மதிப்பு, வெல்லும் சிப்ஸின் மதிப்பைவிடக் கூடிவிடும். அப்போது நான் சொன்னவற்றைச் சற்றே அடக்கி ஆட வேண்டும். தொடக்க நேரத்தில் அந்தப் பேதம் மிகச் சிறியது. முதலிடம் ஒன்றையே கணக்கில் கொள்ளும் எங்கள் கொட்டகைப் போட்டியில் அது அறவே இல்லை.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அந்தப் பக்கத்தில் இனி எந்தப் போக்கர் கையை எடுத்துக்காட்டாக வெளியிட்டாலும், பிளைண்ட் எவ்வளவு, இருவர் முன்னாலும் இருந்த சிப்ஸ் எவ்வளவு, ஒவ்வொரு கட்டத்திலும் பாட் எவ்வளவு என்ற மூன்றையும் கைக்குப் பக்கத்திலேயே சிறு அட்டவணையாகக் கொடுங்கள். சதுரங்கப் புதிரை வெளியிடும்போது பலகையின் படத்தைத் தாங்கள் ஒருபோதும் விட்டதில்லை. போக்கரில் அந்தப் படத்தின் இடத்தில் இருப்பது இந்த எண்கள்தாம். அவை இருந்தால், கட்டுரையாளர் பதுங்கச் சொன்னது எத்தனை மடங்கு சிப்ஸ் இருக்கும் நிலைக்கு என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்வார்கள். தடைக்காலம் முடிவதற்குள் அப்படியொரு கட்டுரை வெளிவந்தால், அதைக் கொட்டகையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, ஒவ்வொரு கையையும் சீட்டுப் பரப்பிச் சரிபார்க்க நான் தயாராக இருக்கிறேன். விடைகளையும் தங்களுக்கு எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.